ஆட்டுக்குட்டி சிங்கமாக மாறுவதில்லை

“முதல் வருகையில் ஆட்டுக்குட்டியாக வந்தார், இரண்டாம் வருகையில் சிங்கமாக வருவார்.” கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசும் தமிழ்ப் பிரசங்க மேடைகளில் இந்த வாசகம் ஒலிக்காத இடம் அரிது. கன்வென்ஷன் பந்தலில் ஊழியர் குரலை உயர்த்தி இதைச் சொன்னதும் கைகள் உயர்கின்றன, அல்லேலூயா முழங்குகிறது. யூடியூப் தீர்க்கதரிசனச் செய்திகளிலும், கைப்பிரதிகளிலும், காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிங்கப் படங்களிலும் இதே கருத்துதான். எங்கும் பரவிவிட்டதால், வேதமே இப்படிச் சொல்கிறது என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

வேதம் இப்படிச் சொல்லவில்லை. இந்த வாசகம் எந்த நூலின் பெயரால் சொல்லப்படுகிறதோ, அந்த வெளிப்படுத்தின விசேஷம் இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. இந்த வாசகத்தின் உள்ளர்த்தத்தைக் கவனியுங்கள்: சிலுவை முடிந்துபோன கதை, மன்னிப்பும் பொறுமையும் பலியும் ஒரு காலகட்டத்துக்கான தற்காலிக ஏற்பாடு, கடவுளின் உண்மையான பலம் இனிமேல்தான் தெரியும், அது எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் பலமாக இருக்கும். இப்படி நம்பும் ஒருவருக்கு, கல்வாரியில் நடந்தது பாதி வெற்றிதான். மீதி வெற்றிக்கு அவர் வாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

நான் சொல்ல வருவது ஒன்றே. வெளிப்படுத்தின விசேஷத்தில் பலியே வெற்றி. பலி முடிந்து, பிறகு வேறொரு முறையில் வெற்றி வருவதாக அந்த நூலில் எங்கும் இல்லை. அப்படி வாசிப்பது, எந்தப் பேரரசின் வெற்றிக் கொள்கையை எதிர்த்து அந்த நூல் எழுதப்பட்டதோ, அதே கொள்கையைக் கிறிஸ்துவின் தலையில் கிரீடமாக வைப்பதாகும்.

முதலில் ஐந்தாம் அதிகாரத்துக்கு வருவோம். சிங்கம் வருவது அங்கேதான். சிங்காசனத்தில் வீற்றிருப்பவரின் வலது கையில் ஏழு முத்திரைகளால் முத்திரிக்கப்பட்ட ஒரு சுருள் இருக்கிறது. அதைத் திறக்கத் தகுதியானவர் வானத்திலும் இல்லை, பூமியிலும் இல்லை, பூமியின்கீழும் இல்லை. யோவான் மிகவும் அழுகிறார். அப்போது மூப்பர்களில் ஒருவர் அவரைத் தேற்றி, யூதா கோத்திரத்துச் சிங்கம் வெற்றி பெற்றுவிட்டதால் சுருள் திறக்கப்படும் என்கிறார். இது யோவானின் காதில் விழுவது. அவர் கண்களை உயர்த்திப் பார்க்கும்போது அங்கே சிங்கம் இல்லை. அடிக்கப்பட்ட நிலையில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. கழுத்தறுபட்ட காயம் அதில் இருக்கிறது. ஆனாலும் அது விழுந்து கிடக்கவில்லை, நிற்கிறது. அதுவே போய்ச் சுருளை வாங்குகிறது. அதுவே முத்திரைகளை உடைக்கிறது.

காதில் விழுந்ததற்குக் கண் காட்டும் பொருளே இங்கே விளக்கம். இதே முறையை யோவான் ஏழாம் அதிகாரத்திலும் கையாளுகிறார். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் முத்திரையிடப்பட்டவர்கள் 1,44,000 பேர் என்று கேட்கிறார். ஆனால் காண்பதோ, எல்லா ஜாதிகளிலும் மொழிகளிலும் இருந்து வந்த, எவராலும் எண்ண முடியாத திரள் கூட்டம். கேட்டது பழைய எதிர்பார்ப்பு. கண்டது அதன் நிறைவேற்றம். யூதர்கள் காலங்காலமாக ஒரு சிங்கத்துக்காக, தாவீதின் வழிவந்த வீர அரசருக்காகக் காத்திருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பு வீண் என்று யோவான் சொல்லவில்லை. அது நிறைவேறிவிட்டது, நிறைவேறிய விதம் இது என்று அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டியைக் காட்டுகிறார்.

இதற்குப் பிறகு நூல் முழுக்கத் தேடிப் பாருங்கள். கிறிஸ்துவுக்குச் சிங்கம் என்ற பட்டம் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. மற்ற இடங்களில் சிங்கத்தின் சாயல் வேறு உருவங்களுக்குப் போகிறது. ஒன்பதாம் அதிகாரத்தின் வெட்டுக்கிளிகளுக்குச் சிங்கத்தின் பற்கள். பதிமூன்றாம் அதிகாரத்தில் கடலிலிருந்து எழும் மிருகத்துக்குச் சிங்கத்தின் வாய். கிறிஸ்துவோ 28 முறை ஆட்டுக்குட்டியானவர் என்றே அழைக்கப்படுகிறார். எல்லாப் போரும் ஓய்ந்து, புதிய வானமும் புதிய பூமியும் தோன்றிய பிறகு வரும் கடைசி 2 அதிகாரங்களில் மட்டும் 7 முறை அந்தப் பெயர் வருகிறது. புதிய எருசலேமுக்கு விளக்கு ஆட்டுக்குட்டியானவர். ஜீவத்தண்ணீரின் நதி புறப்படுவது கடவுளும் ஆட்டுக்குட்டியானவரும் வீற்றிருக்கும் சிங்காசனத்திலிருந்து. இரண்டாம் வருகையில் அவர் சிங்கமாக மாறிவிடுவார் என்றால், நித்தியத்தின் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் இந்த ஆட்டுக்குட்டி யார்? அந்தப் பிரபலமான வாசகத்தைச் சொல்லும் ஊழியர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இந்த நூலை முதலில் கேட்டவர்கள் யார் என்பதை நினைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில் ஏழு நகரங்கள். அவற்றில் ஏழு சிறிய சபைகள். டொமிஷியன் ஆட்சியின் இறுதியில், கி.பி. 95 வாக்கில், பத்மு தீவிலிருந்து யோவான் இதை எழுதினார் என்பது ஐரேனியுவின் காலம் முதல் வழங்கிவரும் மரபு. அந்த நகரங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோமின் வெற்றி கண்ணில் பட்டது. பெர்கமுவில் அகஸ்துவுக்கும் ரோமாபுரித் தேவிக்கும் கோயில் எழுப்ப கி.மு. 29-லேயே அனுமதி கிடைத்திருந்தது. எபேசுவில் டொமிஷியன் குடும்பத்துப் பேரரசர்களுக்கென்றே ஒரு கோயில் இருந்தது.

வெற்றி என்றால் என்ன என்பதை ரோம் தன் நாணயங்களிலேயே அச்சிட்டுப் பாடம் நடத்தியது. கி.பி. 70-இல் எருசலேம் அழிக்கப்பட்ட பிறகு வெஸ்பாசியன் வெளியிட்ட நாணயங்களில் ஒரு பேரீச்சை மரம் நடுவில் நிற்கும். அதன் கீழே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். அவள்தான் தோற்ற யூதேயா. சிலவற்றில் மரத்தின் மறுபக்கம் ரோமத் தலைவன் ஈட்டியோடு நிமிர்ந்து நிற்பான். ஒருத்தியை அழவைத்து, அவளருகே நிமிர்ந்து நிற்பதே வெற்றி. ரோமின் இலக்கணம் இது. ரோமில் இன்றும் நிற்கும் தீத்துவின் வளைவில் எருசலேம் ஆலயத்துக் குத்துவிளக்கைப் படைவீரர்கள் தூக்கிச் செல்லும் சிற்பமும் இதே இலக்கணத்தைத்தான் கல்லில் எழுதியிருக்கிறது.

இந்தப் பின்னணியில் யோவானின் திரள் கூட்டத்தைப் பாருங்கள். அவர்கள் கையிலும் பேரீச்சை ஓலை இருக்கிறது. அது அன்று வெற்றி வீரனுக்குரிய அடையாளம். ஆனால் அவர்கள் காலடியில் அழும் பெண் யாரும் இல்லை. தோற்கடிக்கப்பட்ட ஜாதி என்று ஒன்று அங்கே இல்லை. எல்லா ஜாதிகளும் ஓலை பிடித்து நிற்கின்றன. அவர்களுடைய கண்ணீரையும் கடவுளே துடைக்கிறார். அவர்களுடைய அங்கிகள் வெண்மையானது எப்படி என்றால், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்து வெளுத்ததால். ரோமின் வெற்றிச் சின்னங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அவற்றின் உள்ளடக்கத்தை முழுக்க மாற்றி வைக்கிறார் யோவான். அவ்வளவு பாடுபட்டு அவர் மாற்றியதை நம் மேடைகள் ஒரே வாக்கியத்தில் பழையபடி ரோமுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

ஏழு சபைகளுக்கும் எழுதிய ஏழு கடிதங்களும் ஜெயங்கொள்ளுகிறவர்களுக்கான வாக்குறுதியோடு முடிகின்றன. ஜெயங்கொள்வது எப்படி? பன்னிரண்டாம் அதிகாரம் நேரடியாகவே சொல்லிவிடுகிறது. விசுவாசிகள் வலுசர்ப்பத்தை ஜெயித்தது ஆட்டுக்குட்டியின் இரத்தத்தாலும், தங்கள் சாட்சியாலும், மரணம் வந்தாலும் உயிரைப் பெரிதாக எண்ணாததாலும். இந்த மூன்றைத் தவிர நான்காவது ஆயுதம் அவர்களுக்குத் தரப்படவில்லை. பெர்கமுவில் கொல்லப்பட்ட அந்திப்பாவை உண்மையுள்ள சாட்சி என்று கிறிஸ்து அழைக்கிறார். முதல் அதிகாரத்தில் கிறிஸ்துவுக்கே உரிய பட்டம் அது. ரோமின் கணக்கில் அந்திப்பா தோற்றவர், செத்தவர். பரலோகத்தின் கணக்கில் அவர் தம் ஆண்டவரின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டவர்.

சாட்சி என்பது அன்று வெறும் வாய்ப்பேச்சாக இருக்கவில்லை. யோவானின் நூல் எழுதப்பட்டு ஏறக்குறைய 15 ஆண்டுகளில், பக்கத்து மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் சிலைக்கு முன் நிறுத்தி, தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லி, கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னதாக அவர் அதில் எழுதுகிறார். மறுத்தவர்களைக் கொன்றார். ஒரு சிட்டிகைத் தூபம் போட்டால் வீடு திரும்பலாம். போட மறுத்தவர்கள்தான் யோவானின் மொழியில் ஜெயங்கொண்டவர்கள். கி.பி. 177-இல் லியோன் நகரில் கொல்லப்பட்ட விசுவாசிகளைப் பற்றி அந்தச் சபை எழுதிய கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். தம் சகோதரர்களுக்காக வாதாடச் சென்று தாமே சிக்கிக்கொண்ட வெட்டியஸ் எபகாத்தஸ் என்பவரை, ஆட்டுக்குட்டியானவர் எங்கே போனாலும் பின்தொடர்ந்தவர் என்று அந்தக் கடிதம் போற்றுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்து வர்ணனை அது. அடிமைப் பெண்ணான பிளாந்தீனாளைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, உடன் துன்பப்பட்டவர்கள் அவளுக்குள் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டதாகவும் அது சொல்கிறது. அந்த நூலைத் தங்கள் உடலால் வாசித்தவர்கள் இப்படித்தான் அதைப் புரிந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். “பத்தொன்பதாம் அதிகாரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெள்ளைக் குதிரையில் வருகிறவர், இரத்தத்தில் தோய்ந்த அங்கி, கூர்மையான பட்டயம், இருப்புக் கோல், கோபாக்கினையின் திராட்சை ஆலை, இவையெல்லாம் எங்கே போயின?” நியாயமான கேள்வி. விட்டுவிடவில்லை. அந்தப் பகுதியை ஒவ்வொரு வரியாகவே பார்க்கலாம்.

வானம் திறக்கிறது. குதிரையில் வருகிறவரின் அங்கி இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. எப்போது? போர் தொடங்குவதற்கு முன்பே. எதிரிகள் இன்னும் களத்துக்கு வரவில்லை, ஒருவர் மீதும் கை படவில்லை. அப்படியானால் அது யாருடைய இரத்தம்? எதிரிகளின் இரத்தம் என்பவர்கள் ஏசாயா 63-ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டுவார்கள். ஏதோமிலிருந்து சிவந்த உடையோடு வருகிறவர் அங்கே உண்டு. ஜனங்களை ஆலையில் மிதித்ததால் தெறித்த இரத்தம் அது. யோவானுக்கு அந்தப் பகுதி நன்றாகவே தெரியும், அதை நினைத்துத்தான் எழுதுகிறார். ஆனால் அவர் ஒன்றை மாற்றுகிறார். ஏசாயாவில் மிதித்த பிறகு உடை சிவக்கிறது. யோவானிடமோ மிதிப்பதற்கு முன்பே உடை சிவந்திருக்கிறது. இந்த நூலில் கிறிஸ்துவோடு சேர்த்துப் பேசப்படும் இரத்தம் முதல் அதிகாரம் தொடங்கி எங்கும் அவர் சிந்திய இரத்தமே. ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் அதிகாரங்களிலும் அப்படியே. பத்தொன்பதாம் அதிகாரத்தில் மட்டும் அது திடீரென்று வேறு யாருடைய இரத்தமாகவோ மாறிவிட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?

அடுத்தது பட்டயம். அது அவர் கையில் இல்லை, வாயில் இருக்கிறது. அவருடைய பெயரே கடவுளின் வார்த்தை. பின்னால் வரும் பரலோகச் சேனை வெண்மையான மெல்லிய ஆடை உடுத்தியிருக்கிறது. அவர்கள் கையில் ஆயுதம் இருப்பதாகவோ அவர்கள் போரிட்டதாகவோ ஒரு சொல் கிடையாது. இந்த வாய்ப்பட்டயம் முன்பே வந்திருக்கிறது. பெர்கமு சபைக்கு எழுதிய கடிதத்தில், மனந்திரும்பாவிட்டால் வந்து என் வாயின் பட்டயத்தால் யுத்தம் பண்ணுவேன் என்று கிறிஸ்து அந்தச் சபையையே எச்சரிக்கிறார். பெர்கமு விசுவாசிகளை அவர் இரும்பு வாளால் வெட்டிக் கொல்லப்போகிறார் என்று அதை யாராவது வாசிக்கிறார்களா? இல்லை. வார்த்தையால் வரும் நியாயத்தீர்ப்பு என்றே எல்லோரும் வாசிக்கிறோம். அதே பட்டயம் எதிரிகள் மீது வரும்போது மட்டும் அதை ஏன் இரும்பாக்குகிறோம்? நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

நியாயத்தீர்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டியானவரின் கோபம் என்று ஆறாம் அதிகாரம் பேசுகிறது. பதினான்காம் அதிகாரத்தின் திராட்சை ஆலையிலிருந்து இரத்தம் குதிரைகளின் கடிவாளம் மட்டும் பெருகுகிறது. அக்கினிக் கடலும் இருக்கிறது. இவற்றை மென்மையாக்கி வாசிப்பது நேர்மையாகாது. ஆனால் தீமை எப்படி விழுகிறது என்பதையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். மகா பாபிலோனை அழிப்பது யார்? பதினேழாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது: அவள் ஏறிச் சவாரி செய்த மிருகமும் அதன் பத்துக் கொம்புகளும் அவளைப் பகைத்து, நிர்வாணமாக்கி, நெருப்பில் சுட்டெரிக்கின்றன. வன்முறையால் கட்டிய பேரரசை அதன் சொந்த வன்முறையே தின்றுவிடுகிறது. கடவுள் அதற்கு இடம் விடுகிறார். அர்மகெதோன் என்ற பெயரைக் கேட்டாலே பெரும் போர்க்காட்சி மனத்தில் விரிகிறது. நூலில் அந்தப் பெயர் ஒரே ஒருமுறை, பதினாறாம் அதிகாரத்தில் வருகிறது. ராஜாக்கள் அங்கே கூட்டப்படுகிறார்கள். ஆனால் அங்கே நடந்த சண்டை என்று எதுவும் சொல்லப்படவில்லை. அடுத்த வசனத்திலேயே ஏழாம் கலசம் ஊற்றப்பட்டு, எல்லாம் முடிந்தது என்ற சத்தம் கேட்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாதைகளால் யாராவது மனம் மாறினார்களா? ஒன்பதாம் அதிகாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மடிந்த பிறகும் எஞ்சியவர்கள் மனந்திரும்பவில்லை. பதினாறாம் அதிகாரத்தில் கலசங்கள் ஊற்றப்பட்டபோது அவர்கள் கடவுளைத் தூஷித்தார்கள். பதினோராம் அதிகாரத்தில் மட்டும் வேறு விதமாக நடக்கிறது. இரண்டு சாட்சிகள் கொல்லப்பட்டு, உடல்கள் தெருவில் கிடந்து, பிறகு எழுப்பப்படுகிறார்கள். அதையடுத்து வந்த பூமியதிர்ச்சிக்குத் தப்பியவர்கள் பரலோகத்தின் கடவுளை மகிமைப்படுத்துகிறார்கள். அழிவை மட்டும் பார்த்தவர்களின் மனம் கல்லாகவே இருந்தது. சாட்சிகளின் சாவையும் உயிர்த்தெழுதலையும் கண்டவர்களின் மனம்தான் அசைந்தது. முடிவிலோ, பத்தொன்பதாம் அதிகாரத்தில் எதிர்த்து நின்ற அதே பூமியின் ராஜாக்கள் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் தங்கள் மகிமையைப் புதிய எருசலேமுக்குள் கொண்டுவருகிறார்கள். அந்த நகரத்தின் வாசல்கள் ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. ஜீவ விருட்சத்தின் இலைகள் ஜாதிகளைக் குணமாக்குகின்றன. எதிரிகளை ஒழித்துக்கட்டுவதே இந்த நூலின் லட்சியமானால், குணமாக்கும் இலைகள் யாருக்காக?

“இது இந்தக் காலத்து மிதவாதிகளின் வியாக்கியானம்” என்று சிலர் தள்ளிவிடலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், யோவான் நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில், குதிரையில் வருகிறவரின் அங்கியிலுள்ள இரத்தத்தைக் கிறிஸ்துவின் பாடுகளின் அடையாளமாகவே வாசித்தார். இந்த நூலுக்கு லத்தீனில் விளக்கவுரை எழுதி, 304 வாக்கில் இரத்தசாட்சியாக மரித்த பெத்தாவு நகர ஆயர் விக்டோரினஸ், மரணத்தை வென்றதால் சிங்கம், மனிதருக்காகப் பாடுபட்டதால் ஆட்டுக்குட்டி என்று எழுதினார். அவர் எழுத்தில் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் இரு வருகைகளாகப் பிரிந்து நிற்கவில்லை. ஒரே மீட்பின் இரு பெயர்களாக நிற்கின்றன. சிங்கம் பாய்ந்து வீழ்த்திய எதிரி மரணம். ஓவியர்களும் அப்படியே கண்டார்கள். வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-இல் நிறைவுற்ற கெண்ட் நகரத்துப் பீட ஓவியத்தில், ஆட்டுக்குட்டி பலிபீடத்தின்மேல் நான்கு கால்களும் ஊன்றி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து இரத்தம் பீறிட்டுப் பாத்திரத்தில் விழுகிறது. அது நம்மை நேராகப் பார்க்கிறது. சுற்றிலும் தேவதூதர்கள் சிலுவையையும் முள்முடியையும் ஏந்தி நிற்கிறார்கள். பரலோகம் வெற்றியைக் கொண்டாடக் காட்டும் ஆயுதங்கள் இவையே.

அப்படியானால் இன்றைய பிரபலக் கருத்து எங்கிருந்து வலுப்பெற்றது? 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த காலப்பிரிவுக் கோட்பாடும், அதை அடிக்குறிப்புகளாக வேதத்தின் பக்கத்திலேயே அச்சிட்டுத் தந்த 1909-ஆம் ஆண்டின் ஸ்கோஃபீல்டு வேதாகமமும் இதற்குப் பெருவழி திறந்தன. கிருபையின் காலம் ஒன்று, நியாயத்தீர்ப்பின் காலம் வேறு என்று கூறுபோட்டபோது, ஆட்டுக்குட்டி ஒரு காலத்துக்கும் சிங்கம் வேறொரு காலத்துக்கும் ஒதுக்கப்படுவது எளிதாயிற்று. 1970-இல் ஹால் லின்ட்சேயின் புத்தகம் அதைப் பனிப்போரின் வரைபடத்தோடு இணைத்தது. இஸ்ரேல் நாடு 1948-இல் உருவானதிலிருந்து 40 ஆண்டு கொண்ட ஒரு தலைமுறைக்குள் எல்லாம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பை அது ஊட்டியது. 1988 வந்து போயிற்று. 1991-இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் அந்த வாசிப்பு ஓயவில்லை. 1995 முதல் டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் எழுதிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ நாவல் வரிசை கோடிக்கணக்கில் விற்றது. அதில் கிறிஸ்து வரும்போது எதிரிகளின் உடல்கள் பிளந்து சிதறுகின்றன. அந்தக் காட்சிகளை வாசித்து வளர்ந்த கற்பனைதான் மொழி மாறி, கடல் கடந்து, நம் மேடைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கருத்து தவறாக இருந்தால் அதன் கனியும் கசப்பாக இருக்கும். 1534-இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரைப் புதிய எருசலேம் என்று அறிவித்த கூட்டம், பொறுமையின் காலம் முடிந்தது, வாளின் காலம் வந்துவிட்டது என்று நம்பியது. அந்த ஆண்டு ஈஸ்டர் நாளில் அவர்களின் தீர்க்கதரிசி யான் மத்தீஸ், சிறு குழுவோடு முற்றுகைப் படையை நோக்கிப் பாய்ந்து வெட்டுண்டு செத்தார். அவருக்குப் பின் லெய்டன் யான் தன்னையே ராஜாவாக முடிசூட்டிக்கொண்டார். நகரம் பட்டினியில் வாடி, 1535 ஜூனில் வீழ்ந்து, இரத்தத்தில் மூழ்கியது. தலைவர்களின் உடல்களை வைத்துத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் அங்கே ஆலயக் கோபுரத்தில் இன்றும் தொங்குகின்றன. நம் காலத்தில், 1993-இல், டெக்சஸ் மாநிலத்து வேக்கோவில் டேவிட் கொரேஷ் என்பவர் ஏழு முத்திரைகளைத் திறக்கும் ஆட்டுக்குட்டி தாமே என்று போதித்தார். கூடவே துப்பாக்கிகளைக் குவித்தார். 51 நாள் முற்றுகையின் முடிவில், ஏப்ரல் 19 அன்று தீயில் 76 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அரசுத் தரப்பின் தவறுகளைப் பற்றிய விவாதம் தனி. ஆட்டுக்குட்டியின் பெயரைச் சொல்லி ஆயுதம் சேர்ப்பது எங்கே போய் முடியும் என்பது மட்டும் அன்று உலகத்துக்கே தெரிந்தது.

நம் ஊர்களில் இதன் விளைவு அவ்வளவு கொடூரமாக இல்லைதான். ஆனால் மேற்கு ஆசியாவில் குண்டு விழும் ஒவ்வொரு முறையும், சாகும் குழந்தைகளுக்காக ஒரு சொல் ஜெபிக்காமல், தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று மகிழ்வோடு அறிவிக்கும் குரல்களை நாம் கேட்கிறோம். பார்கோடிலும் தடுப்பூசியிலும் 666-ஐத் தேடும் பயம் வீட்டுக்கு வீடு பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அழியப்போகிறவர்களின் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் தெரிகிறார். சிங்கத்துக்காகக் காத்திருக்கும் மனம், ஆட்டுக்குட்டியைப் பின்பற்றும் கடமையிலிருந்து தனக்குத் தானே விடுப்பு கொடுத்துக்கொள்கிறது.

இந்த ஆபத்தைப் பற்றி யோவான் முன்பே எச்சரித்துவிட்டார். பதிமூன்றாம் அதிகாரத்தில் பூமியிலிருந்து இரண்டாவது மிருகம் ஒன்று எழும்புகிறது. அதற்கு ஆட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல் இரண்டு கொம்புகள். பேசுவதோ வலுசர்ப்பத்தைப்போல். அதன் வேலை, முதல் மிருகத்தின் பலத்தை எல்லோரும் வணங்கும்படி செய்வது. பார்வைக்கு ஆட்டுக்குட்டி, உள்ளே வலுசர்ப்பம். நம் மேடைகள் முன்னிறுத்தும் கிறிஸ்துவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போதைக்குச் சாந்தமாக இருப்பவர், காலம் வந்ததும் தம் உண்மை முகத்தைக் காட்டி எதிரிகளைக் கிழிப்பவர் என்றால், அது யோவான் காட்டிய கிறிஸ்து அல்ல. யோவான் எதனிடம் ஏமாறாதீர்கள் என்றாரோ அதன் சாயல் அது. இதை நான் எடை போட்டே சொல்கிறேன்.

கடைசியாக, மிகக் கனமான ஒரு மறுப்பு உண்டு. துன்பப்படுகிறவர்களுக்கு இது என்ன ஆறுதல்? வீடு எரிக்கப்பட்டவர்கள், ஆலயம் இடிக்கப்பட்டவர்கள், பிள்ளைகளை இழந்தவர்கள் நியாயம் கேட்கக் கூடாதா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பலிபீடத்தின் கீழிருக்கும் ஆத்துமாக்கள், எவ்வளவு காலம் என்று உரக்கக் கேட்கிறார்கள். கடவுள் அவர்களைக் கண்டிக்கவில்லை. வெள்ளை அங்கி கொடுக்கிறார். பதினெட்டாம் அதிகாரம் பாபிலோனின் வியாபாரச் சரக்குகளைப் பொன், வெள்ளி, முத்து, பட்டு என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போய், கடைசியில் மனிதரின் உடல்களையும் உயிர்களையும் சரக்காகக் காட்டி நிறுத்துகிறது. அடிமை வணிகத்தை இதைவிடக் கடுமையாகக் குற்றஞ்சாட்ட முடியாது. பூமியில் கொல்லப்பட்ட அனைவரின் இரத்தமும் அவளிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று தீர்ப்பும் வருகிறது. ஆட்டுக்குட்டியின் வழி கொடுமையைக் கண்டு மௌனமாக இருக்கும் வழி இல்லை. அது கொடுமையை அம்பலப்படுத்துகிறது, அதற்குப் பணிய மறுக்கிறது, ஆனால் அதன் ஆயுதத்தைக் கையில் எடுக்க மறுக்கிறது.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த கிரகாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய இரு மகன்கள் பிலிப், திமோத்தேயுவும் அவர்கள் உறங்கிய வாகனத்திலேயே எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக கிரகாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அறிவித்தார். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. அவர் பழி தேடவில்லை. பாரிபதாவில் தங்கி, கணவரின் தொழுநோய்ச் சேவையைத் தொடர்ந்தார். 2005-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. இந்தியாவில் கிறிஸ்தவம் எப்படிப்பட்டது என்று அந்த ஆண்டுகளில் கேட்டவர்களுக்கு, ஆயிரம் கன்வென்ஷன் மேடைகளின் கர்ஜனையைவிட அந்தப் பெண்ணின் மன்னிப்பே தெளிவான பதிலாக இருந்தது. பன்னிரண்டாம் அதிகாரம் சொல்லும் ஜெயம் இதுதான்.

ஆகவே ஊழியர்களுக்கு என் வேண்டுகோள் இது: அந்த வாசகத்தைச் சொல்வதை நிறுத்துங்கள். அது கைதட்டல் வாங்கித் தரும். வேதத்தின் ஆதரவு அதற்கு இல்லை. கடைசிக் காலத்தைப் பற்றிப் பிரசங்கியுங்கள், தாராளமாகப் பிரசங்கியுங்கள். ஆனால் யுத்தச் செய்திகளின் வரைபடத்தை விரிப்பதற்கு முன், சிங்காசனத்தின் நடுவே நிற்பவர் யார் என்பதைச் சபைக்குக் காட்டுங்கள். விசுவாசிகளுக்கும் ஒன்று சொல்வேன். வெளிப்படுத்தின விசேஷத்தை யாருடைய அடிக்குறிப்பும் இல்லாமல், 22 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். யார் வெல்கிறார், எதைக் கொண்டு வெல்கிறார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகிறவர் கல்வாரியில் நாம் கண்டவரேதான். அவர் அங்கே வென்றுவிட்டார். வேறொரு வெற்றி அவருக்குத் தேவையில்லை. வேறொரு கிறிஸ்து நமக்கும் வேண்டாம்.